வயதுவந்த மாணவர்களின் தொலைபேசியை வாங்கி வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாலைநேர வகுப்புகளுக்கும் வார இறுதி வகுப்புகளுக்கும் வருகின்ற வயதுவந்த மாணவர்கள் பாடத்தில் கவனமின்றித் தொலைபேசியிலேயே மூழ்கியிருக்கிறார்கள் என்றும், கல்வி நிறுவனங்கள் அத்தொலைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகையின் இப்பகுதியில் அண்மையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். மட்டக்களப்பில் பல ஆண்டுகளாகச் சனி, ஞாயிறு தினங்களில் தொழில்சார் ஆங்கிலமும் அலுவலகத் தொடர்பாடலும் கற்பித்து வருபவன் என்ற முறையில் அவருடைய எரிச்சலை நான் நன்கு அறிவேன். நானும் ஒரு காலத்தில் பிளாஸ்டிக் கூடை ஒன்றை மேசையில் வைத்து, நாற்பது வயதைத் தாண்டியவர்களின் தொலைபேசிகளைக் கூட, பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்குவது போல வாங்கிப் போட்டவன்தான். அந்தக் கூடையை ஏன் எடுத்து வைத்தேன் என்பதையும், அதே தொலைபேசியைத் தங்கள் தொழில் முன்னேற்றத்துக்காகப் பயன்படுத்தும்படி இம்மாணவர்களை நாம் ஏன் ஊக்கப்படுத்த வேண்டும் என்பதையும் விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கூடை போனதற்குக் காரணம் ஏறாவூரிலிருந்து வந்த ஒரு மாணவர். கத்தாரில் பதினொரு ஆண்டுகள் குளிரூட்டிகளைப் பொருத்தியும் திருத்தியும் வந்த அவர், கொரோனாக் காலத்தில் வேலையிழந்து ஊர் திரும்பியிருந்தார். கைத்திறன் இருந்தது, சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. தொழில் அனுபவம் உள்ளவர்கள் முழுநேரப் பயிற்சிக்குச் செல்லாமலேயே மதிப்பீட்டின் மூலம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெறக்கூடிய ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற முறை நம் நாட்டில் இருப்பதை அவர் அறிந்து, அதற்கான சான்றுக் கோவையைத் தயாரித்துக்கொண்டிருந்தார். இம்முறையில், தாம் செய்த வேலையை விண்ணப்பதாரர் ஆதாரங்களுடன் மதிப்பீட்டாளருக்குக் காட்ட வேண்டும். அதற்காக அவர் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களை இடைவேளையில் என்னிடம் காட்டியபோது, அவற்றில் நான்கைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் பழுது என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சரிசெய்தேன் என்று இரண்டு வரி தமிழில் எழுதி முகநூலில் போடுங்கள் என்று சொன்னேன். பெரிய எதிர்பார்ப்பு எதுவும் எனக்கு இருக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், ஒரு மொழிப் பயிற்சியாகத்தான் நான் அதை நினைத்தேன்.

மூன்று வாரங்களின் பின்னர், அந்தப் பதிவுகளைப் பார்த்துவிட்டு, கத்தாரில் அவருடன் ஒரே தங்குமிடத்தில் இருந்தவரும் ஆறு ஆண்டுகளாகத் தொடர்பில்லாமல் போனவருமான கண்டியைச் சேர்ந்த ஒரு சிங்கள நண்பர் அவரை அழைத்தார். அந்த நண்பர் வேலை செய்யும் நிறுவனம், பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் உள்ள விடுதிகளின் குளிரூட்டிகளைப் பராமரிப்பதற்குக் கிழக்குக் கரையிலேயே வசிக்கும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த வெற்றிடம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஏறாவூரில் எவருக்கும் அது தெரிந்திருக்கவுமில்லை.

தூரத்து அறிமுகத்தின் வழியாக வேலை வருவது தற்செயல் என்று நாம் கருதிக்கொள்கிறோம். ஆனால் சமூகவியலாளர்கள் இதை நீண்டகாலமாகவே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பொஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற இடத்தில், அண்மையில் வேலை மாறியிருந்தவர்களிடம் விசாரித்துத் தம் முடிவுகளை 1973இல் வெளியிட்டார். தெரிந்தவர் ஒருவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அக்காலத்தில் அடிக்கடி சந்தித்துக்கொண்டிருந்தவர்கள் 16.7 சதவீதத்தினர் மட்டுமே. இடையிடையே சந்தித்தவர்கள் 55.6 சதவீதத்தினர். அரிதாகவே சந்தித்தவர்கள் 27.8 சதவீதத்தினர். நெருங்கியவர்கள் உதவ மனமில்லாதவர்கள் என்பது இதன் பொருளல்ல. நமக்குத் தெரிந்த அதே செய்திதான் அவர்களுக்கும் தெரியும், அவ்வளவுதான். சற்றுத் தள்ளி வேறொரு வட்டத்தில் இருப்பவருக்கு நாம் கேள்விப்படாத செய்தி கிடைக்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர், 2022இல், தொழில் தொடர்புத் தளமான லிங்க்ட்இன்னின் இரண்டு கோடிப் பயனாளர்களின் ஐந்தாண்டுத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியானது. மிக நெருங்கியவர்களோ முற்றிலும் அந்நியர்களோ அன்றி, ஓரளவு மட்டும் அறிமுகமான இடைநிலை ஆட்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்று அது காட்டியது.

அமெரிக்காவின் கதை நமக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நமக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் சரி, மேற்கே படுவான்கரையிலும் சரி, நம் மக்களின் உறவு வட்டம் இறுக்கமானது. தாய்வழிச் சொந்தம், ஊர்க் கோயில் அல்லது பள்ளிவாசல், கூடப் படித்தவர்கள் என்று நமக்கு நெருங்கிய எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் ஒரு பதவி வந்தால் அன்று மாலைக்குள் அதே படம் ஏழு வட்ஸ்அப் குழுக்களிலிருந்து நம்மை வந்தடையும். வர்த்தமானியில் வராத எதுவும் எந்தக் குழுவிலும் வராது. கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றுவதற்கு இரவு ரயிலில் கண்விழித்துச் செல்லும் தொலைவில் இருக்கும் நமக்கு, கொழும்பிலும் கண்டியிலும் டோஹாவிலும் டொரன்டோவிலும் ‘ஓரளவு தெரிந்தவர்’ ஒருவர் இருப்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே நமது முகநூல் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். ஆனால் நாம் என்ன வேலை செய்கிறோம், இப்போது எதைப் படிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிறந்தநாள் வாழ்த்தும் திருவிழாப் படமும் மட்டுமே அவர்களைச் சென்றடைகின்றன.

இதைச் சிபாரிசுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். தகுதியைப் பாராமல் ஒருவரை உள்ளே தள்ளிவிடுவது சிபாரிசு. அதற்காக அரசியல்வாதிகளின் வாசலில் காத்திருந்த தலைமுறைகளின் கசப்பு நம் மாவட்டங்களில் இன்னும் ஆறவில்லை. நான் சொல்வது, வெற்றிடம் இருக்கும் செய்தி தகுதியுள்ளவரை அடைவதும், தகுதியுள்ளவர் இருக்கும் செய்தி வேலை கொடுப்பவரை அடைவதுமாகும். அதன் பிறகு விண்ணப்பமும் நேர்முகப் பரீட்சையும் வழக்கம்போல நடக்கட்டும்.

உயர்தரம் முடித்து நேரே பல்கலைக்கழகம் செல்லும் இளைஞரிடமிருந்து வயதுவந்த மாணவர் ஒரு முக்கிய விடயத்தில் வேறுபடுகிறார். இளைஞரிடம் காட்டுவதற்குப் பெறுபேறுகள் மட்டுமே உண்டு. வயதுவந்தவரிடம் பதினைந்து, இருபது ஆண்டுகளின் வேலை இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்திலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தனியார் டிப்ளோமா வகுப்புகளிலும் அமர்ந்திருக்கும் முன்பள்ளி ஆசிரியைகள், கூட்டுறவுச் சங்க எழுதுநர்கள், மருந்தக உதவியாளர்கள், கட்டடத் தளங்களின் மேற்பார்வையாளர்கள் ஆகியோரிடம் உங்களைப் பற்றி ஒரு பந்தி எழுதுங்கள் என்றால், பெரும்பாலானோர் பெயர், ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இவர்களில் பலர் தாம் படிப்பதையே வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். “இந்த வயசில என்ன படிப்பு எண்டு கேப்பாங்க சேர்” என்று ஒருவர் சொன்னார். பரீட்சையில் சித்தியடைந்த பிறகு சொல்லலாம் என்று மூன்று ஆண்டுகள் மறைத்து வைத்திருக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று ஆண்டுகளே சொல்லிக்கொள்ள வேண்டிய காலம் என்பது என் அனுபவம். தொழிலில் இருந்துகொண்டே படிக்கும் ஒருவரைப் பற்றி வேலை கொடுப்பவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் பிறப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நியாயமான பயம் உண்டு. தான் வேறு வேலை தேடுவதாகத் தற்போதைய முதலாளி நினைத்துவிட்டால் என்ன செய்வது என்பதே அது. 2003இல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் தொழில் தொடர்புகளுக்கென்றே உருவான தளம் என்பதால் இதற்கு அதில் சில வசதிகள் உண்டு. வேலைக்குத் தயார் என்ற அறிவிப்பை எல்லோருக்கும் தெரியும்படி வைக்காமல், ஆட்சேர்ப்பில் ஈடுபடுவோருக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். தன் சொந்த நிறுவனத்தின் ஆட்சேர்ப்பாளர்களுக்கு அது தெரியாதிருக்கத் தளம் முயல்கிறது. ஆயினும் முழு உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சுயவிபரத்தைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் மற்றவர்களுக்கு அறிவித்தல் செல்லாமல் நிறுத்திவிட்டு நிதானமாகத் திருத்தலாம். பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் இடமுண்டு. அதில் பதவியின் பெயரை மட்டும் போட்டு விட்டுவிடுவது வீண். ‘எழுதுநர்’ என்று எழுதுவதற்கும், ‘கூட்டுறவுச் சங்கக் கணக்குகளில் 14 ஆண்டு அனுபவம், தற்போது கணக்கியல் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு’ என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம்.

முகநூலில் முதலில் செய்ய வேண்டியது துப்புரவு. பழைய தேர்தல் காலச் சண்டைகள், யாரையோ வைத பின்னூட்டங்கள், பாதி உண்மையும் பாதி வதந்தியுமான பகிர்வுகள் எல்லாம் பகிரங்கமாகக் கிடக்கின்றன. எல்லோருக்கும் தெரியும்படி இட்ட பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஐம்பது பேருக்கு அதைக் காட்டியிருப்பேன். முன்பே அறிந்திருந்தவர்கள் இரண்டு பேர்.

பெண் மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இவ்வகுப்புகளில் அவர்களே பெரும்பான்மையினர். புகைப்படம் தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற அச்சமும், வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற தயக்கமும் அவர்களுக்கு உண்டு. ‘பயப்படாதீர்கள்’ என்று ஓர் ஆண் விரிவுரையாளர் மேடையில் நின்று அறிவுரை கூறுவதால் அந்த அச்சம் நீங்கிவிடப் போவதில்லை, நீங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் தொழில் நோக்கத்துக்கு முகம் காட்டுவது கட்டாயமில்லை, வேலையைக் காட்டினால் போதும். மருதமுனையில் கைத்தறிக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஒரு மாணவி, கணக்கியல் படிக்கும் காலத்தில், வீட்டுத் தறிக்கு நூல் வாங்கியது, நெய்தது, விற்றது, மீதி இருப்பது ஆகியவற்றை ஒரே பார்வையில் காட்டும் கையிருப்புப் பதிவேடொன்றைக் கணினியில் தயாரித்திருந்தார். சாறன்களின் படங்களை வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியின் பொருட்பட்டியலில் இடுவதற்கு அவருக்குத் தம்பி கற்றுக்கொடுத்திருந்தார். அச்செயலி இலவசமானது. நான் கேட்டுக்கொண்டதன் பேரில், உண்மையான தொகைகளை மாற்றிவிட்டு, அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் அதே எண்ணின் நிலைத்தகவலில் அவர் போட்டார். அவருடைய முகமோ வீடோ அதில் இல்லை. துணி வாங்கிக்கொண்டிருந்த இரண்டு கடைக்காரர்கள் தங்களுக்கும் இதுபோன்ற ஒன்றைச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். இப்போது வீட்டிலிருந்தபடியே மாதந்தோறும் அவ்விரண்டு கடைகளின் கணக்கையும் அவர் பார்க்கிறார். டிப்ளோமா இன்னும் முடியவில்லை.

சமூக ஊடகத்தை நம் பிரதேசம் சந்தேகத்துடன் பார்ப்பதற்குக் காரணமுண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், உணவகமொன்றின் உணவில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டதாக எழுந்த பொய்ச் செய்தி முகநூல் வழியாகப் பரவி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டதை நாம் கண்ணால் கண்டோம். உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்பது பின்னர் தெரியவந்தது. அந்த ஆண்டின் வன்செயல்களில் தன் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. இவ்வளவையும் பார்த்த பெற்றோரும் ஆசிரியர்களும் ‘இந்தப் பேய் வேண்டாம்’ என்று சொல்வதில் வியப்பில்லை. ஆயினும், வேண்டாம் என்று சொன்ன எவரும் அதைக் கைவிட்டதாக நான் காணவில்லை. பயன்படுத்தத்தான் போகிறார்கள் என்றால், எந்தச் செய்தியை நம்பலாம், எதை எங்கே சரிபார்க்கலாம் என்பதையும் வகுப்பில் சேர்த்துக் கற்றுக்கொடுப்பதே மேல்.

வேலை மோசடிகளில் இது இன்னும் அவசரமானது. நல்ல சம்பளத்துடன் கணினி வேலை என்று சமூக ஊடகங்களில் வந்த அழைப்புகளை நம்பித் தாய்லாந்து சென்ற இலங்கையர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடிப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட செய்திகளை இப்பத்திரிகையின் வாசகர்கள் படித்திருப்பார்கள். வெளிநாட்டு வேலை என்றால், அந்த முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதைப் பணியகத்தின் இணையத்தளத்திலோ 1989 என்ற தொலைபேசி இலக்கத்திலோ விசாரித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. சுற்றுலா விசாவில் வாருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும். வேலை தருவதற்கு முன்பே ‘பதிவுக் கட்டணம்’ கேட்பவர், தேசிய அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் வங்கி அட்டையின் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவர் ஆகியோரும் அப்படியே. என் மாணவர் ஒருவர் இப்படி நாற்பதாயிரம் ரூபாவை இழந்தார். அதை அவர் வகுப்பில் சொன்ன நாளில் மேலும் மூவர் கை உயர்த்தினார்கள்.

அரச ஊழியர்களாக இருக்கும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. அரச ஊழியர்களுக்கான விதிகளின் தொகுப்பாகிய தாபனக் கோவையின் 47ஆம் அத்தியாயம் அவர்களுடைய நடத்தைக்கும் பகிரங்கக் கருத்து வெளிப்பாட்டுக்கும் வரம்புகளை விதிக்கிறது. ஆகவே அலுவலகக் கோவைகளின் படத்தையோ திணைக்களத்தைப் பற்றிய விமர்சனத்தையோ போடாமல், கற்ற பாடநெறி, பெற்ற திறன், கலந்துகொண்ட பயிற்சி என்ற அளவில் நின்றுகொள்வது நல்லது.

கல்வி நிறுவனங்களிடம் நான் கேட்பது சிறிய விடயம். தொழில் முன்னேற்றத்துக்குச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தக் கற்பிப்பதற்கென்று ஒரு பருவத்தில் நான்கு மணித்தியாலங்களை ஒதுக்கி, அதைப் பாடநெறியின் ஒப்படைகளில் ஒன்றாக்கிப் புள்ளி வழங்குங்கள். புள்ளி இல்லாத எதையும், வேலையும் வீடும் பிள்ளைகளும் உள்ள ஒருவர் செய்யமாட்டார், அதில் அவரைக் குறை கூறவும் முடியாது. பிரதேச செயலகங்களில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்களையும் அந்த நான்கு மணித்தியாலங்களில் ஒன்றுக்கு அழைக்கலாம். விரிவுரையாளர்களும் தங்கள் சொந்தச் சுயவிபரத்தைத் திரையில் காட்டிக் கற்பிக்க வேண்டும். முதன்முதலில் நான் அப்படிக் காட்டியபோது, என்னுடைய பக்கத்தில் எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் விட்டுவிட்ட வேலையே தற்போதைய வேலையாக இருந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது.

மொழியைப் பற்றிய தயக்கமே கடைசி வரை நீடிக்கிறது. ஆங்கிலம் பிழையாகிவிடும் என்று அஞ்சித் தங்களைப் பற்றி ஒன்றுமே எழுதாமல் இருப்பவர்களிடம், முதலில் தமிழில் எழுதுங்கள், அதில் ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவோம் என்று சொல்கிறேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து பேருந்தில் வரும் நாற்பத்தாறு வயதான முன்பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அந்த ஒரு வரியை எழுதி முடிக்க மூன்று சனிக்கிழமைகள் தேவைப்பட்டன. நான்காவது சனிக்கிழமை அவர் வகுப்புக்குப் பிந்தி வந்தார். அதே வரியைப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த இன்னொரு முன்பள்ளி ஆசிரியைக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்ததில், இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டுவிட்டாராம்.

இவ்வண்ணம்,
வருகைதரு விரிவுரையாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.